பாலக்காட்டுப் படையும் மூலை மடிச்ச டிக்கெட்டும்

போன ஞாயித்துக்கெழம பீளமேட்டு மாடி ரூம்ல, பலகையில பொம்மப் படைய வெச்சுச் சண்ட ஆடறப்ப நீங்க பண்ணுன அக்கப்போரு இன்னும் என்ற காதுக்குள்ளயே நிக்குதுங்க சேக்காளிகளே. ஒரு பகடை போயி புஸ்தகத்து ஓரத்துல சாஞ்சு நின்னுபோச்சு. அது செல்லுமா செல்லாதா, மறுக்கா உருட்டலாமா கூடாதா, அமெரிக்காக்காரன் ரூல்புக்குல என்ன போட்டிருக்கான், இங்கிலீசுக்காரன் என்ன போட்டிருக்கான்னு ரெண்டு மணி நேரம். அதுக்குள்ள நெசப் படையே பாலக்காட்டுல கெளம்பிக் கஞ்சிக்கோடு தாண்டியிருக்கும். வாங்கி வெச்ச வடையும் ஆறிப்போச்சு.

"மறுக்கா உருட்டற பேச்சு எவன் வாயிலயாச்சும் வந்துச்சு, பலகையத் தூக்கி ரோட்டுல வீசிப்போடுவேன்"னு நாங் கத்துனது தப்புத்தான். ஒத்துக்கறேன். அதுக்காக "தளபதிக்கு பிரஷர் மாத்திர வாங்கிக் குடுங்க"ன்னு குரூப்புல ஆளாளுக்குப் போட்டுத் தாக்கோணுமா? எனக்கும் முப்பதாகப் போகுது, காதோரம் ரெண்டு வெள்ளமுடி வந்தாச்சு. கொஞ்சம் மருவாதி குடுங்க.

இன்னொரு எரிச்சலையும் இப்பவே கக்கிப்போடறேன். ஐரோப்பால எந்தப் பாலத்துல எந்தக் குதிரைக்குக் கால் ஒடஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியுது. வெரல் நீளச் சிப்பாய்க்குச் சட்டப் பித்தான் வரைக்கும் பெயிண்டு அடிக்கறீங்க. கோயமுத்தூர்க் கோட்டைய ஆடலாம்னு நாஞ் சொன்னா மட்டும், "கோயமுத்தூர்ல ஏதுடா கோட்ட?"ங்கறீங்க. கோட்டைமேட்டுப் பக்கமா பஸ்ஸுல போயி உக்கடத்துல எறங்கற பசங்க பேசற பேச்சா இது? மேடு இருக்குதே, கோட்ட எங்க போச்சுன்னு ஒரு நாளாச்சும் தோணுச்சா?

எனக்குத் தோணுச்சுங்க, பதினோரு வயசுல. எப்படித் தோணுச்சு, மறுக்கா உருட்டறேன்னா எனக்கு ஏன் பத்திட்டு வருதுன்னு எழுதிப்போடறேன். முழுசாப் படிச்சுட்டு அப்புறமேல் கேலி பண்ணுங்க.

சோமனூர்ல எங்கூட்டுக்குப் பொறவால தறிக்குடோன். எட்டுத் தறி. அது ஓடற வரைக்கும் ஊட்டுல எல்லாருமே கத்தித்தான் பேசோணும். எங்கம்மா "சாப்பட வாங்க"ன்னு கூப்படறதே சண்டைக்குக் கூப்படறாப்பல இருக்கும். அந்த வருசம்தான் கரண்ட் கட்டு வந்து எல்லாத்தையும் நிறுத்துச்சு. மத்தியானம் பன்னெண்டு மணியானா டப்புனு எட்டும் நின்னுபோகும். நின்ன ஒடனே காதுக்குள்ள ஒரு ஓட்ட உழுந்தாப்பல இருக்கும். அதுக்கு அப்புறமேல்தான் அடுத்த தெருவுல குக்கர் விசில் அடிக்கறதே கேக்கும். அதுவரைக்கும் பறந்துட்டிருந்த பஞ்சுத்தூசி மெல்ல எறங்கி அப்பன் தோள் மேல உக்காரும். சூட்டுக்குக் கூரை டிக்கு டிக்குனு வெடிக்கும். தறியெண்ண வாசமும் பசை வாசமும் சேர்ந்து மூக்க அடைக்கும்.

மூணு மணிக்குத்தான் திரும்ப கரண்ட். அதுவரைக்கும் எங்கப்பனுக்கு வேலையில்ல. வேலையில்லாத அப்பன் மாதிரி ரோதனை ஒலகத்துலயே கெடையாதுங்க. நான் நிக்கறதுல குத்தம், உக்காரறதுல குத்தம், மூச்சுடறதுல குத்தம்.

இதுல இருந்து எங்களக் காப்பாத்துனது எங்க மாமா. எங்கம்மாவோட தம்பி. தாராபுரம் ரூட்டுல பிரைவேட் பஸ்ஸுல கண்டக்டர். ஒரு நாள் டூட்டி, ஒரு நாள் ஓய்வு. ஓய்வு நாள்ல எங்கூட்டுல ஆஜர். மனுசன் ஒரு கொசுவக்கூட அடிக்கமாட்டாரு, ஆனா சண்டப் பைத்தியம். இந்தக் கொங்கு நாட்டுல எந்தப் படை எந்தக் கணவாயில எறங்கி, எந்த ஆத்தத் தாண்டி, எந்தக் கோட்டைய வளைச்சுதுன்னு பஸ்ஸு ரூட்டு மாதிரியே சொல்லுவாரு. "மைசூர்ப்படை கெஜலட்டிக் கணவாயில எறங்குச்சுங்க மச்சான். அடுத்த ஸ்டாப்பு சத்தியமங்கலம். அங்க செம கூட்டம். பவானி ஆத்தத் தாண்டறதுக்குள்ள பாதிப்பேர் படியில தொங்கிட்டு வந்தான்." எங்கப்பன், "டிக்கெட் எடுத்தானா?"ம்பாரு. மாமாவுக்கு மூஞ்சி சுருங்கிப்போகும்.

மாமாவுக்கு ரொம்பப் புடிச்சது கோயமுத்தூர்க் கோட்டச் சண்ட. "உள்ள இருந்தது கும்பினிக்காரனோட ஒரு பிடி ஆளுங்க. நல்ல பீரங்கியப் பூராம் பாலக்காட்டுக்குக் கொண்டுபோயாச்சு. மிச்சம் கெடந்தது ஓட்ட ஒடசல். வெளிய மைசூர்ப்படை. அந்த ஓட்டச் சாமான வெச்சுட்டு எத்தன நாள் நின்னாங்க தெரியுமா?"

"நின்னு என்ன மாமா ஆச்சு?"ன்னு கேட்டது எங்கக்கா.

"மொதத் தடவ பாலக்காட்டுல இருந்து படை வந்து காப்பாத்திப் போட்டாங்க அம்மணி. ரெண்டாந் தடவ வந்த படை பாதியில திரும்பிருச்சு. கோட்ட போச்சு."

இந்தச் சண்டையத்தான் தறிக்குடோன் தரையில ஆட ஆரம்பிச்சோம். சாக்பீஸ்ல கோட்ட. ஊடை நூல் சுத்தற மரக்கட்ட இருக்குதுங்கள்ல, தார்க்கட்ட, ஒரு சாண் நீளம், அடி பெருத்து நுனி சிறுத்து, அதுதான் சிப்பாயி. நிமுத்தி வெச்சா நிக்கும். அடியில பச்ச பெயிண்டு அடிச்சது மைசூரு, சேப்பு அடிச்சது கோட்டக்காரன். தறியில குறுக்கமறுக்க ஓடித் தேஞ்சுபோன நாடாக்கட்ட பீரங்கி. உங்க வெளிநாட்டுப் பொம்மையெல்லாம் அதுக்குக் கால் தூசி.

பகடை? அங்கதான் மாமா மூளை. ட்ரிப்பு முடிஞ்சு பஸ்ஸுக்குள்ள கெடக்கற பழைய டிக்கெட்டப் பொறுக்கி, ஒரு பழைய தோல்பையில போட்டு வெச்சிருந்தாரு. குலுக்கி ஒண்ணு எடுக்கோணும். கடைசி நம்பர் ஏழுக்குக் கீழ வந்தா மைசூர்க் கட்ட ஒண்ணு உழுகும். ஏழும் அதுக்கு மேலயும் வந்தா கோட்டக் கட்ட ஒண்ணு உழுகும். "டிக்கெட்டு பொய் பேசாதுங்க மச்சான்"ம்பாரு மாமா. பை எந்தக் கையில இருக்கோணும்னு ஒரு பஞ்சாயத்து நடந்து, "சின்னக் கையி, சூதுவாது தெரியாத கையி"ன்னு என்னையப் புடிச்சு நிறுத்துனாங்க. நல்லா ஆள் புடிச்சாங்க போங்க!

அப்பன் மைசூர்ப்படை, நான் அவரோட தளபதி. அக்கா எப்பவுமே கோட்ட. கோட்ட எப்படி ஜெயிக்கும்? அதுக்குத்தான் ஒரு ரூலு. கரண்ட் வந்துச்சுன்னா பாலக்காட்டுப் படை வந்துருச்சுன்னு அர்த்தம், கோட்ட பொழைச்சுது. கரண்ட் வந்து எட்டுத் தறியும் ஓட ஆரம்பிச்சா தரை அதிர்ற அதிர்ச்சிக்கு அத்தன கட்டையும் தானா உழுந்துரும். அதோட ஆட்டம் முடிஞ்சுது. ஊரே கரண்ட்டுக்குக் காத்துட்டிருந்தா, எங்கக்கா பாலக்காட்டுக்குக் காத்துட்டிருந்தா.

அவ ஆடற ஆட்டம் தனி. எங்களுக்குக் கோட்டையின்னா நாலு பக்கமும் ஆள் நிக்கோணும். அவ மூணு பக்கம் சுவத்துல ஒவ்வொரு கட்டைய மட்டும் வெச்சுப்போட்டு, மிச்சத்தப் பூராம் கெழக்கு வாசல்ல கொண்டாந்து நிறுத்துவா. மத்த பக்கமெல்லாம் ரெண்டு தறிக்கு நடுவால ஒத்த ஆளு போற சந்து. அதுல எத்தன பேரு வந்தாலும் ஒருத்தன் பொறவால ஒருத்தன்தான் வரோணும். இது எங்கப்பனுக்குப் புரியறதுக்கு நாலு சண்டை ஆச்சு. எனக்கு இப்பத்தான் புரியுது.

தோத்துத் தோத்து எனக்கு மசுரு பத்திக்கிச்சு. ஒரு நாள் மாமா சோறு தின்னுட்டிருந்தப்ப தோல்பையத் தூக்கிட்டு குடோனுக்குப் பொறவால பொடக்காளிக்குப் போனேன். ஒம்போதுல முடியற டிக்கெட்ட மட்டும் தனியாப் பொறுக்குனேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு மூலைய இத்துணூண்டு மடிச்சு, திரும்பப் போட்டுக் குலுக்கி வெச்சுப்போட்டேன். கண்ண இறுக்க மூடிட்டுக் கைய உட்டாலும் மூலை வெரலுக்குத் தட்டும். அஞ்சாறு தடவைக்கு ஒருக்காத்தான் எடுப்பேன். நாங்களும் நியாயமான ஆளுதானுங்க.

இதுக்கு நடுவால அக்காவுக்குப் பத்தாவது ரிசல்ட்டு வந்துச்சு. ஸ்கூல்ல அவதான் பஸ்ட்டு. மார்க்குச் சீட்டு ஜெராக்ஸ குடோன் சுவத்துல, காலண்டருக்குப் பக்கத்துல ஒட்டி வெச்சா. பதினொண்ணாவது போகோணும்னா பஸ்ஸேறித் திருப்பூர் போகோணும். அப்பன் முடியாதுன்னுட்டாரு. "தார் சுத்தறதுக்கு ஆளில்ல. அண்ணன் அவிய புள்ளையப் பத்தாவதோட நிறுத்திப்போட்டாரு. எம்புள்ள மட்டும் பஸ்ஸேறிப் போனா பங்காளியெல்லாம் என்ன கேப்பான்?" பக்கத்து ஊடுதான் பெரியப்பன் ஊடு.

அக்கா அழுகல. தார் மிஷினுகிட்ட உக்காந்து சுத்திட்டே இருந்தா. ஆனா ரெண்டு நாளா சோறு பாதிதான்.

மாமா வந்தாரு. "மச்சான், நல்லாப் படிக்கற புள்ளைங்க. பாவமுங்க."

"நீ டிக்கெட்டக் கிழி மாப்ள. எங்கூட்டுச் சங்கதில கிழிக்காத."

"அவளுக்கு நான் தாய்மாமனுங்க. நானும் பேசலாமுங்க."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் மொறைச்சுக்கிட்டாங்க. அப்புறம் அப்பன் துண்ட ஒதறித் தோள்ல போட்டாரு. "சரி. அவ்வளவு கெட்டிக்காரின்னா அந்தக் கோட்டையக் காப்பாத்தட்டும். இன்னைக்கு கரண்ட் வார வரைக்கும் நின்னாள்னா பதினொண்ணாவது. உழுந்துச்சுன்னா தார் மிஷினு. தாய்மாமன் முன்னால சொல்லிப்போட்டேன், மாத்த மாட்டேன்."

நீங்க நம்ம பக்கத்து ஆளுங்கதானே, தெரியுமல்ல? தாய்மாமன் முன்னால சொன்ன சொல்லுன்னா கோயில் முன்னால சொன்ன மாதிரி. எங்கம்மா அடுப்புல பால வெச்சது மறந்துபோயி ஓடியாந்து கதவு நெலவுல நின்னா. பால் பொங்கித் தீஞ்ச வாசம் இன்னும் மூக்குல இருக்குது.

அக்கா ஒரே ஒரு வார்த்ததான் பேசுனா. "சாக்பீஸ் குடு மாமா."

அப்படியொரு சண்டைய நான் இன்னைக்கு வரைக்கும் பாக்கலீங்க. வழக்கம்போல வாசல்ல கூட்டம் நிறுத்துனா. எங்கப்பனோ, அன்னைக்குன்னு பார்த்து, மசையன் மாதிரி பாதிப் படைய மேக்கால சந்துக்குள்ள அனுப்புனாரு. ஒவ்வொருத்தனா உழுந்தான். "அப்பா, வாசல அடிங்கப்பா"ன்னு நான் கத்தறேன். "நீ சும்மாருடா, எனக்குத் தெரியும்"ங்கறாரு. நிமிசத்துக்கொருக்கா சுவத்துக் கெடிகாரத்தப் பாக்கறாரு. "மெதுவா எடுடா, என்ன அவசரம்? நல்லாக் குலுக்கி எடு"ங்கறாரு. அப்பனுக்குப் பயம் வந்துருச்சு, தோக்கப் போறாருன்னு எனக்கு ரத்தம் கொதிக்குது.

ரெண்டே முக்கால். சந்துப் பக்கம் போன கட்டையெல்லாம் காலி. எங்ககிட்ட மிச்சம் நாலு கட்ட, வாசல்ல அவகிட்ட மூணு. அந்த மூணும் உழுந்தா வாசல் தெறந்துக்கும், கோட்ட போச்சு. பாலக்காட்டுப் படை எந்நேரமும் வந்துரும். அவளுக்கு மேலொதட்டுல வேர்வை நிக்குது. மார்க்குச் சீட்டு சுவத்துல படபடங்குது. படிப்புன்னா என்னன்னு அப்ப எனக்கு ஒரு மண்ணும் தெரியாதுங்க. எனக்குத் தெரிஞ்சது மூணு கட்ட, மூணு ஒம்போது.

கண்ண மூடிக் கையுட்டேன். மூலை தட்டுச்சு. ஒம்போது.

மாமா தொண்டையச் செருமுனாரு. மறுபடி உட்டேன். ஒம்போது.

"போதும்டா, செத்த இரு. தண்ணி குடிச்சுட்டு எடு"ன்னு அப்பன் எந்திரிச்சே போயிட்டாரு. நான் இருப்பனா? ஜெயிக்கற நேரத்துல தண்ணி குடிக்கற தளபதிய எந்தச் சண்டையில பார்த்திருக்கீங்க? மூணாவதையும் எடுத்து அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன். ஒம்போது!

கடைசிக் கட்டைய அக்காவே கையால சாச்சு வெச்சா. வெச்சு அவ கைய எடுக்கல, தலைக்கு மேல டியூப்லைட்டு கண்ணச் சிமிட்டுச்சு. கரண்ட். சுவிட்சப் போடோணும்னுகூட அப்பனுக்குத் தோணாம நின்னாரு, எங்கம்மாதான் போட்டா. எட்டுத் தறியும் கெளம்புச்சு. பச்சையும் சேப்புமா மிச்சமிருந்த கட்டையெல்லாம் நடுங்கி, சாஞ்சு, உருண்டு தறிக்கடியில போச்சு. நான் குதிக்கறேன். என்ற கூட ஒருத்தரும் குதிக்கல. அக்கா மண்டி போட்டு ஒவ்வொரு கட்டையாப் பொறுக்கிக் கூடையில போட்டா. தரையில கெடந்த டிக்கெட்டையும் பொறுக்குனா.

சொன்ன சொல்லு சொன்னதுதான். அவ தார் மிஷினுக்குப் போனா. இதுல கூத்து என்னன்னா, "கையில யோகம் இருக்குது, பையனையாச்சும் படிக்க வெப்போம்"னு என்னையக் கொண்டுபோயி இங்கிலீசு மீடியத்துல சேத்துனாங்க. யோகக் கையி பத்தாவதுல ரெண்டு தடவ போயி ரெண்டு தடவயும் திரும்பி வந்துச்சு. சந்துக்குள்ள போன எங்கப்பன் படை மாதிரியே. இப்ப லேத்துப் பட்டறையில உங்க பொம்மைக்கு அச்சு கடைஞ்சுட்டிருக்குது.

இப்பச் சொல்றது போன மாசத்துக் கதை. அக்காவக் கட்டிக் குடுத்திருக்கறது தாராபுரத்துல. அவளப் பாக்கப் போனவன் பஸ் ஸ்டாண்டுல மாமாவப் புடிச்சேன். ரிட்டயர்டு ஆயிட்டாரு, இருந்தாலும் பஸ் ஸ்டாண்டுக்கு வராம இருக்க முடியல. பழைய டிக்கெட்டெல்லாம் ஒழிஞ்சு, மிஷின்ல கறுப்புத் தாளா வருதேன்னு பொலம்பிட்டே இருந்தவரு, டீயக் குடிச்சுப்போட்டு மெதுவாச் சொன்னாரு.

"அன்னைக்கு உங்கப்பன் தோக்கறதுக்குத்தாண்டா ஆடுனாரு."

"என்ன மாமா ஒளறறீங்க?"

"புள்ளைய அனுப்போணும்னு அவருக்கும் ஆசதான். அண்ணனுக்கு என்ன சொல்றது? 'மாப்ள முன்னால பந்தயத்துல தோத்துட்டேனுங்கண்ணா, என்ன பண்ணச் சொல்றீங்க'ன்னு சொல்ல ஒரு சாக்கு வேணும். காலையிலயே என்னையத் தனியாக் கூப்புட்டு, 'நீ பேச்செடு, நான் மொறைக்கறேன், அப்பறம் பந்தயங் கட்டறேன்'னு சொல்லித்தான் ஆரம்பிச்சோம். லைன்மேனுகிட்டக் கேட்டுக்கூட வெச்சிருந்தாரு, அன்னைக்கு மூணுக்குப் பத்து நிமிசம் முன்னாலயே கரண்ட் வந்துரும்னு. எல்லாஞ் சரியாத்தான் போச்சு. கடைசியில மூணு ஒம்போது. என்ன பண்றது, டிக்கெட்டு பொய் பேசாது."

டீக் கிளாச டக்குனு பெஞ்சு மேல வெச்சேனுங்க. அட கெரகமே! பெத்த புள்ளையப் படிக்கப் போன்னு சொல்றதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா? அண்ணங்காரனுக்குப் பயந்து, மச்சினனக் கூட்டு சேத்து, லைன்மேனக் கேட்டு, கெடிகாரத்தப் பார்த்து... ஒரு 'சரி'யச் சொல்றதுக்கு ஒரு பெரும்படைய மேக்கால சந்துல கொன்னாரே மனுசன்! அதையும் நான் ஜெயிச்சுக் குடுத்தேனே!

நேரா அக்கா ஊட்டுக்குப் போனேன். அஞ்சு மிஷின் போட்டு நைட்டி தைக்கறா. வெட்டு மேசையில துணிய விரிச்சு, தையல் சாக்பீஸ்ல கோடு இழுத்துட்டிருந்தா. நின்ன நெலையிலயே எல்லாத்தையும் கொட்டுனேன். பொடக்காளி, மூலை மடிப்பு, மூணு ஒம்போது. கோடு இழுக்கற கை நிக்கவே இல்ல.

"தெரியும்டா. டிக்கெட்டப் பொறுக்குனது யாரு? மூணுலயும் மூலை மடிஞ்சிருந்துச்சு."

"அப்பறம் ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பாங்க?"

"என்னையத் தறிக்கட்டையில அடிச்சிருப்பாங்க."

"அது சரி. ஆட்டத்த?"

"செல்லாதுன்னுட்டு மறுக்கா ஆடச் சொல்லியிருப்பாங்க."

"அதான்." சாக்பீஸக் கீழ வெச்சா. "என்ற மார்க்கு அங்க சுவத்துல ஒட்டியிருந்துச்சு. எல்லாரு கண்ணுக்கும் தெரியற மாதிரி. அதைய உட்டுப்போட்டு, பஸ்ஸுல எவனெவனோ மிதிச்ச டிக்கெட்டப் பார்த்து என்னைய அனுப்பறதா வேண்டாமான்னு பார்த்தீங்க. ஒருக்காப் பார்த்தது பத்தாதா? இன்னொருக்கா அந்தப் பைக்குள்ள கையுடுங்கன்னு நானே வந்து கேக்கோணுமா?"

அப்பன் தோக்கப் பார்த்த கதையையும் அப்புறமேல்தான் சொன்னேன். அது மட்டும் அவளுக்குத் தெரியல. துணிய நீவிட்டே இருந்தா. மடிப்பு இல்லாத எடத்தையும் நீவுனா. அஞ்சு மிஷினும் ஓடிட்டிருந்ததால, அவ என்னமோ மொனகுனது எனக்குக் கேக்கல. மறுபடி கேட்டப்ப, "சரின்னு ஒரு வார்த்த"ன்னா. அவ்வளவுதான்.

அப்புறம் அந்த மேசையில கெடந்த வெட்டுத்துணி மேலயே சாக்பீஸ எடுத்துக் கோடு போட்டா. நாலு சுவரு. கெழக்கால வாசல். மேக்கால சந்து. ஒரு கோடு மாறல.

"உங்க ஞாயித்துக்கெழமக் கூட்டம் எங்க நடக்குது?"

"பீளமேட்டுல. எதுக்கு?"

"வாரேன். கோட்ட எனக்கு. உருட்டறதும் நான்தான். நீ கையக் கட்டிட்டு உக்காரோணும்."

"கரண்ட் வார வரைக்குமா?"

"கரண்ட் வந்தாலும் சரி, போனாலும் சரி. ஆட்டம் முடியற வரைக்கும்."

வர்ற ஞாயித்துக்கெழம வந்துருவாளுங்க. அவ கோடு போட்ட அந்தத் துணிக் கோட்டைய நான் கொண்டாரேன், சோமனூர்ல மிச்சமிருந்த தார்க்கட்டையும் கெடச்சுது. மைசூர்ப்படை உங்க எல்லாருத்துக்கும். பித்தானுக்குப் பெயிண்டு அடிச்சவனெல்லாம் வந்து அந்தச் சந்துக்குள்ள நொழைஞ்சு பாருங்க. ஒண்ணே ஒண்ணு. பகடை புஸ்தகத்து மேல சாஞ்சு நின்னா சாஞ்சு நின்னதுதான். "மறுக்கா உருட்டலாங்களா"ன்னு அவ முன்னால எவனாச்சும் வாயத் தொறந்தீங்கன்னா, பலகைய வீசறதுக்கு நான் எந்திரிக்க வேண்டியதில்ல.